பிள்ளை உட்காரும் இடம்

அப்போதெல்லாம் கோட்டையூரில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண் இருக்கிற வீடுகளில் அந்த டீச்சர் என்றால் ஒரு பயம் உண்டு. அவர் அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். சனிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நிற்பார். காபி வேண்டாம், தண்ணீர் போதும் என்பார். அப்புறம் ஒரே கேள்விதான்.

“பிள்ளை எங்க உக்காந்து படிக்குது? அந்த எடத்தைக் காட்டுங்க.”

காட்டினால் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். கட்டிலில் சாய்ந்து படிக்கும் என்றால் கட்டிலில் சாய்ந்துகொள்வார். படியில் என்றால் படியில். பையிலிருந்து ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்து, கைக்கடிகாரத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வார். பத்து நிமிடம் யாரோடும் பேச்சுக் கிடையாது. வீட்டு ஆட்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரோரமாக நிற்பார்கள். நேரம் ஆனதும் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, இரண்டு வார்த்தை சொல்வார்.

“பல்பை அங்குட்டு மாத்துங்க. பிள்ளையோட நெழலு நோட்டு மேலயே விழுது.”

இல்லாவிட்டால், “ஜன்னலுக்கு வெளிய நின்னு ஊர்க்கதை பேசாதீக. எனக்கே மூணு வீட்டுக் கதை தெரிஞ்சுபோச்சு.”

அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

அவர் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதோடு, நான் சொல்ல வந்தது என் தப்பைத்தான். அதில் அவர் பெயர் எதற்கு?

காரைக்குடியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு டீச்சர். பன்னிரண்டாம் வகுப்புக்கு அவர்தான் பொறுப்பு. ஒல்லியான ஆள், நடையில் வேகம் அதிகம். முந்தானையில் எப்போதும் சாக்பீஸ் தூள் இருக்கும். “பிள்ளைக்குப் புத்தி சொல்ல ஊரே இருக்கு. எடம் குடுக்கத்தான் ஆளில்ல” என்று அடிக்கடி சொல்வார்.

நான் இருந்தது ஒரு பெரிய செட்டியார் வீட்டின் பின்கட்டில். வீட்டுக்காரர்கள் எல்லாம் சென்னையில். வருடத்தில் ஒன்றிரண்டு தரம், கல்யாணம் என்றோ முன்னோர்களுக்குப் படைப்பு என்றோ வருவார்கள். மற்ற நாளெல்லாம் வீடு என் பொறுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் அறை அறையாகத் திறந்து கூட்டி, ஜன்னலைத் திறந்து காற்று விட்டு, மறுபடி பூட்டுவேன். சாவிக்கொத்து இடுப்பிலேயே கிடக்கும். என் வீட்டுக்காரர் சமையல் வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர். நான் சாயங்காலம் கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஊற்றிக் கொடுப்பேன். கல்யாணமாகி ரொம்ப வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள். அவள் கிரைண்டர் பக்கத்தில் அரிசி மூட்டைமேல் புத்தகத்தை வைத்துப் படிப்பாள்.

டீச்சர் அந்த மூட்டை முன்னால் உட்கார்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் பதற்றத்தில் கிரைண்டரை நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து மாவு வாங்க ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஒரு அம்மா நேரே டீச்சர் முகத்துக்கு முன்னால் தூக்குவாளியை நீட்டினாள்.

“என்ன, புதுசா ஆளு வச்சிருக்காகளா? அரைப்படி ஊத்து தாயி. போன தடவை புளிச்சுப்போச்சு, அதையும் சொல்லிரு.”

டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, எழுந்து அரைப்படி ஊற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு உயிரே போனது.

“பத்து நிமிசத்துல நாலு பேரு” என்றார் டீச்சர் எழுந்தபோது. “நானே ரெண்டு வரி தாண்டலை. மாவு புளிக்குதாம், பாத்துக்கங்க.” பிறகு பின்கட்டின் கதவைப் பார்த்தார். “அந்தக் கதவுக்கு அங்குட்டு என்ன?”

“பெரிய வீடு டீச்சர்.”

“எத்தனை ரூம்பு?”

“எண்ணுனதில்ல.”

“யாரு இருக்கா?”

“யாருமில்ல. வௌவாலுதான்.”

அவர் சிரிக்கவில்லை. “இத்தனை ரூம்பு பூட்டிக் கெடக்குது. ஒண்ணைத் தொறந்து அவளை உக்காத்தி வைக்கக் கூடாதா?”

“ஆச்சிய கேக்கணும் டீச்சர்.”

“கேளுங்க” என்றார். யாரிடமாவது மணி கேட்கச் சொல்வது போல, அவ்வளவு சுலபமாக.

வீடு ஏழு பங்காளிகளுக்குப் பொது. அதில் எனக்குப் படியளந்தவர் ஆச்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து போன் போடுவார். ஓடு ஒழுகுதா, கரையான் இருக்கா, கரண்டு பில்லு வந்துச்சா என்று கேட்பார். நான் ஆமாம் ஆச்சி, ஆகட்டும் ஆச்சி என்பேன். அந்த இரண்டு வார்த்தையைத் தாண்டி நான் அவரிடம் பேசிப் பழக்கமில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் வரும் வரை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். போன் வந்தால் ஓட்டுக்கும் கரையானுக்கும் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். கோபக்காரர் என்று கிடையாது. என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. ஆனாலும் கேட்பது என்பது எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்து வருடமும் தண்ணீர் குடிக்கப் போகக்கூட நான் கேட்டதில்லை.

அந்த மாதங்களில் டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஊரில் எந்தச் சந்து எங்கே திரும்பும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு வீட்டில் பெண் டி.வி.க்கு எதிரே உட்கார்ந்து படிக்கும் என்றார்கள். டீச்சர் அங்கே போய் உட்கார்ந்தார். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் நக்கலான ஆள்.

“என்ன டீச்சர், ஒங்க வீட்டுல டி.வி. ரிப்பேரா?”

டீச்சர் பத்து நிமிடம் முடிகிற வரை வாய் திறக்கவில்லை. முடிந்ததும், “ஏங்க, அந்தப் பச்சைச் சேலைக்காரி எதுக்கு அழுகுறா? வெவரமாச் சொல்லுங்க. மார்ச்சுல ஒங்க பிள்ளை அதைத்தான் எழுதப்போகுது” என்றார். அந்த மனுஷன் எழுந்துபோய் வயரையே பிடுங்கிவிட்டார்.

இன்னொரு வீட்டில் ஆட்டுக்கொட்டகையில் படிப்பதாகச் சொல்லி அம்மாக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் அங்கேயும் உட்கார்ந்தார். ஆடு ஒன்று அவர் முந்தானையை மென்றது. அவர் இழுத்துக்கொள்ளவுமில்லை. எழுந்தபோது, “இதைவிட நல்ல எடம் ஊருல கெடையாது. காத்து வருது, வெளிச்சம் இருக்கு, ஆடு கேள்வி கேக்காது. மாத்தாதீக” என்றார். அந்த அம்மா அழுதேவிட்டாள். திரும்பும் வழியில் டீச்சர் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே, “சாக்பீஸ் ருசி பிடிச்சிருக்கும்போல” என்றார். இரண்டு பேரும் தெருவில் நின்று சிரித்தோம். எனக்கு என்று அப்படிச் சிரிக்க ஒரு ஆள் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

ஆடியும் ஆவணியும் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை நடந்துகொண்டிருக்கும்போதே கேட்டார்.

“ஆச்சிகிட்டக் கேட்டீகளா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை என்று சொல்லியிருந்தால் அவரே போன் போட்டுக் கேட்டிருப்பார். ஆனால் என்னை எதற்கும் லாயக்கில்லாதவள் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்று தோன்றியது.

“கேட்டேன் டீச்சர். வேணாம்னுட்டாக.”

அவர் நடையை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரம் போனதும், “சரி, விடுங்க. திங்கக்கெழமையிலிருந்து பிள்ளை எங்க வீட்டுக்கு வரட்டும்” என்றார்.

அப்படித்தான் என் மகள் தினமும் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து காரைக்குடியிலேயே டீச்சர் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு, கடைசி டவுன் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வருவாள். நான் ஸ்டாண்டில் நிற்பேன். அவர் வீட்டில் எவ்வளவு இடம் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. டீச்சர் வீடு, பெரிதாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

கார்த்திகையில் கொஞ்சம் முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி. ஹாலில் மேசையில் என் மகள் எழுதிக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குப் போகிற நடையில், கேஸ் சிலிண்டரை ஒட்டிப் போட்ட கட்டிலில், டீச்சரின் மாமியார் படுத்திருந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். என் மகள் வருவதற்கு முன்பு ஹாலில் ஜன்னலோரம் அவருக்கு இடம் இருந்திருக்கிறது.

“நீதான் அந்தப் பிள்ளையோட ஆத்தாளா?” என்றார் அந்த அம்மா. “வா, உக்காரு. எங்குட்டு உக்காருவே? கட்டில்லயே உக்காரு. ஒங்க ஆச்சி எடமில்லேன்னுட்டாகளாமே? அம்புட்டுப் பெரிய வீட்டைக் கட்டி என்னத்துக்கு? எனக்கென்ன, கெடக்குறதுக்கு இது போதும். தெருவுல போறவுக மொகம் தெரியாது, அது ஒண்ணுதான்.”

சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. அது சத்தம் போட்டுவிடுமோ என்று கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். முறுக்கைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பரீட்சை தொடங்கி, நடுவில் இருக்கும்போது ஆச்சி வந்தார். குடும்பத்தில் இறந்துபோன பெரியவர்களுக்குச் சேலை வேட்டி வைத்துக் கும்பிடுகிற படைப்பு. எனக்கு ஒத்தாசையாக என் மகள் அன்றைக்கு வீட்டிலேயே நின்றுவிட்டாள். பிள்ளை வரவில்லை என்றதும் டீச்சர் கிளம்பி இங்கேயே வந்துவிட்டார். ஆச்சி முகப்பில் நின்று கும்பிட்டு வரவேற்றார்.

“வாங்க டீச்சர், நல்ல நேரத்துல வந்திருக்கீக. ஒரு வாய் சாப்பிட்டுத்தான் போகணும்.”

“இல்லைங்க ஆச்சி. பிள்ளை உக்கார எடமில்லாத வீட்டுல எனக்கு எலை வேணாம்.”

சொல்லிவிட்டு, என் மகள் கையில் மாதிரி வினாத்தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆச்சி பக்கத்தில் பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லாம் நின்றிருந்தார்கள். ஆச்சியின் முகம் சுண்டிப்போனது.

“என்னடி சொல்லிட்டுப் போகுது அந்தம்மா? நான் என்ன செஞ்சேன்?”

“தெரியலை ஆச்சி” என்றேன்.

ஆச்சி கெட்டிக்காரர். நேரே பின்கட்டுக்கு வந்தார். கிரைண்டரைப் பார்த்தார், மூட்டைமேல் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“இங்கனயா படிக்கிறா?”

“ஆமா ஆச்சி.”

“சாவி ஒங்கிட்டத்தானே இருக்கு? வாயும் இருக்குல்ல? ஒரு வார்த்தை கேட்டா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்? பங்காளிகள்ட்ட நான் சொல்லிக்கிறேன். மாடியில கெழக்கு ரூம்பைத் தொறந்து விடு. காத்தாடியும் இருக்கு.”

அன்றே திறந்துவிட்டேன். இன்னும் இரண்டு பரீட்சைதான் பாக்கி.

என் மகள் போய்ச் சொன்னதும் டீச்சர் ஓடி வந்தார். மாடி அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தார். எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நான் வாய விட்டுட்டுப் போயிட்டேன். அம்புட்டுக் கோவத்துல இருந்திருப்பாக. அவுககிட்ட மறுபடியும் போய்க் கேட்டிருக்கீகளே! எனக்கு அந்தத் தைரியம் வராது.”

 நான் பேசாமல் இருந்ததை அவர் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். எல்லாரும் என்னை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

என் மகள் நல்ல மார்க் வாங்கினாள். நர்ஸுக்குப் படித்து இப்போது திருச்சியில் இருக்கிறாள். அதில் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் அதற்கப்புறம் வந்தது.

பரீட்சை முடிந்து வந்த ஜூனில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். நீங்களும் வாங்க என்று டீச்சர் கூப்பிட்டார், எதற்கு என்று தெரியாமல் போனேன். அம்மா அப்பாக்களைப் பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

“இந்தம்மா அஞ்சாங்கிளாஸ் படிச்சவுக. ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டாக. பிள்ளைக்காகப் பெரிய வீட்டு ஆச்சிகிட்ட ஒருதடவைக்கு ரெண்டுதடவை போய்க் கேட்டு எடம் வாங்கினாக. நீங்களும் கேளுங்க. சொந்தக்காரகளைக் கேளுங்க, வீட்டுக்காரகளைக் கேளுங்க, கூச்சப்படாதீக.”

எல்லாரும் கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். எங்கள் ஊரிலேயே இரண்டு தெரு தள்ளி, என்னைப் போலவே ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள். அவளுடைய மகள் அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு.

“அக்கா, நெசமாவே கேட்டீகளா? பயமா இல்லையா?”

“கேட்டாக் குடுப்பாக” என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் டீச்சர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். குடைகூட இல்லை. கூட்டத்தன்று என் பின்னால் வந்த அந்தப் பெண், பெரிய வீட்டு முதலாளியிடம் போனில் கேட்டிருக்கிறாள். இன்றைக்கு ரூம் கேட்பாய், நாளைக்கு வீட்டையே கேட்பாய், சாவியை வைத்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டாராம். சாமான்களை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்லல் என்கிற வேறு ஊரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

“அந்தம்மா என்னமோ கேக்கத் தெரியாமக் கேட்டிருக்கு” என்றார் டீச்சர். “நீங்க என்ன சொல்லிக் கேட்டீக? மொத வார்த்தை என்ன, ரெண்டாவது வார்த்தை என்ன, அப்படியே சொல்லுங்க. அதே மாதிரி நான் அந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டுப் பாக்குறேன்.”

பையிலிருந்து பேனாவையும் தாளையும் எடுத்து வைத்துக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதற்கு.

என்ன சொல்வது? கேட்டிருந்தால்தானே வார்த்தை இருக்கும்?

“நான் கேக்கவே இல்ல டீச்சர்” என்றேன். “மொத தடவையும் கேக்கலை. ரெண்டாந்தடவையும் கேக்கலை. ஆச்சிதான் பாத்துட்டு அவுகளாக் குடுத்தாக.”

அவர் பேனாவை மூடவில்லை. 

“அப்ப ஆச்சி வேணாம்னு சொல்லலையா?”

“சொல்லலை டீச்சர்.”

“பத்துப் பேரு மத்தியில அவுகளை நான்...” என்று நிறுத்தினார். பிறகு, “எங்க அத்தைய ஆறு மாசம் நடையில படுக்க வச்சேன்” என்றார். என்னைத் திட்டுகிற குரலில் இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது. திட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன்.

எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் ஆச்சிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாராம். “பாவம், அந்தம்மா அழுதுச்சு. நான் என்னிக்கோ மறந்துட்டேன்னு சொன்னேன்” என்று ஆச்சி என்னிடம் சொன்னார். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. வேலையை விட்டும் நிறுத்தவில்லை. கல்லலுக்குப் போன பிள்ளை தினமும் அங்கிருந்து வந்து போனது. ஸ்பெஷல் கிளாஸுக்கு நிற்க முடியவில்லை. பாஸ் செய்தது, ஆனால் ஆசைப்பட்ட படிப்புக்கு மார்க் போதவில்லை. அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு ஒருதடவை சந்தையில் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கும் முன் நான் வேறு பக்கம் போய்விட்டேன்.

டீச்சர் அதற்கு அடுத்த வருடம் மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். போவதற்கு முன்பும் சனிக்கிழமைகளில் வீடுகளுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. ஒரு சனிக்கிழமை எதிர்வீட்டில் அவர் குரல் கேட்டது. அந்த வீட்டுப் பெண் மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். அது ஓடினால் எங்கள் வீட்டுப் பாத்திரமே அதிரும். டீச்சர் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து சேலையைத் தட்டியதும் அந்த அம்மா, “என்ன டீச்சர் செய்யணும், சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறாள். “பிள்ளை நல்லாப் படிக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

அவர் தெருமுனை திரும்பியதும் எதிர்வீட்டு அம்மா ஓடி வந்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அக்கா, எல்லார் வீட்டுலயும் எதையாச்சும் மாத்தச் சொல்லுவாகளாம்ல? நம்ம வீட்டுல ஒரு கொறை சொல்லலையே! ஒண்ணைக்கூட மாத்தச் சொல்லலை!”

இன்னும் என்னென்னவோ சொன்னாள். பாதி எனக்குக் கேட்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.